பரணில் விரித்த பஞ்சு

காற்று வடக்கிலிருந்து அடித்தால் வீட்டைச் சூடாக்கும் பாயிலர் அணைந்துவிடும். பேடியம் ஊரில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் காற்று வேறு எங்கிருந்தும் அடிப்பதில்லை. அதனால் பெவர்லி ஓர்மரட் காலையில் எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முன்னறைக்கு வந்து கேஸ் கணப்புக்கு முன்னால் மண்டி போடுவாள். தகர மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கணப்புக்குப் பின்னால் சுவருக்குள் பதுங்கியிருக்கும் பாயிலரின் பொத்தானை அழுத்துவாள். க்ளிக். ஒன்றும் நடக்காது. மறுபடியும் அழுத்துவாள். கடைசியில் அந்தச் சின்ன நீலச் சுடர் எரியலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எரியும்.

மாடிப்படி ஏற முடியாததால் முன்னறை சோபாவிலேயே படுத்திருக்கும் அவள் புருஷன் க்ளைவ், போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "மண்டி போட்டதுதான் போட்ட, எனக்காகவும் ஒண்ணு வேண்டிக்கோ கண்ணு" என்பான்.

"உனக்காகத்தான் இருபது வருஷமா வேண்டிக்கிறேன். எங்க, நீ இன்னும் இங்கதான இருக்க."

சிரிக்கப் பார்ப்பான். சிரிப்பு இருமலாகிவிடும். இருமல் முடிகிறவரைக்கும் பெவ் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பாள். எழுந்து போனால் அவனுக்குக் கோபம் வரும், பக்கத்தில் போய் முதுகைத் தடவினாலும் கோபம் வரும்.

லாரி ஓட்டி ஓட்டிக் கெட்டதா, சிகரெட் குடித்துக் கெட்டதா தெரியாது, க்ளைவின் நுரையீரல் கெட்டுவிட்டது. போன குளிர்காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தான். இரண்டாவது முறை டாக்டரம்மா பெவ்வைத் தனியாகக் கூப்பிட்டு, "இவர குளிர்ல வெக்காதீங்க. இன்னொரு தடவ இப்படி வந்தார்னா..." என்று சொல்லிவிட்டு, மீதியைச் சொல்லாமல் கையிலிருந்த பேனாவை மூடினாள். அந்தப் பேனா மூடிய சத்தம் பெவ்வின் காதிலேயே தங்கிவிட்டது.

பாயிலர் எரிந்தாலும் வீடு சூடாகாது. பாதிச் சூடு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகும். வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்க வேண்டிய மேல்மாடி ரேடியேட்டர்கள் பிணம் மாதிரி சில்லிட்டிருக்கும். பழுது பார்க்க வந்தவன், "இதுக்குப் பார்ட்ஸ் செய்யறத நிறுத்தியே ரொம்ப நாளாச்சு. மியூசியத்துல வேணா கேட்டுப் பாருங்க" என்றான். புதிதாக ஒன்று வைக்க என்ன ஆகும் என்று கேட்டாள். அவன் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகவைத்துச் சம்பாதிப்பதில் அதெல்லாம் நடக்காது.

இதற்கு அரசாங்க மானியம் ஒன்று இருக்கிறது என்று சொன்னது பக்கத்து வீட்டு நஸ்ரீன். அவள் மாமியாருக்கு மூட்டுவலி, அதைக் காட்டி விண்ணப்பித்து அவர்கள் வீட்டில் போன வருஷமே புதுப் பாயிலர் வைத்துவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் மாமியார் கைவைக்காத சட்டையோடு உட்கார்ந்து டிவி பார்க்கிறாள். இந்தப் பக்கம் க்ளைவ் தொப்பியோடு சாப்பிடுகிறான்.

"க்ளைவுக்கு உடம்பு சரியில்லாதவங்களுக்கான உதவித்தொகை வருதுல்ல? அது போதும் பெவ். உங்களுக்குக் கண்டிப்பா கெடைக்கும்" என்றாள் நஸ்ரீன்.

க்ளைவுக்குப் பிடிக்கவில்லை. "இனாமா? நம்மள என்ன பிச்சக்காரன்னு நெனச்சுட்டாங்களா?"

"உன் லாரிக்கு நீ ஊத்தின டீசல்ல எவ்ளோ வரி கட்டியிருப்ப? அதுல கொஞ்சம் திரும்பி வருதுன்னு நெனச்சுக்கோ."

"அது கம்பெனி ஊத்தின டீசல்."

"அப்ப கம்பெனி குடுக்குதுன்னு நெனச்சுக்கோ. உனக்கு நெனக்கறதுக்கு என்ன கொறைச்சல், நாள் பூரா சும்மாதான கெடக்க."

அதன்பின் பெவ் போன் பேசத் தொடங்கினாள். பள்ளியில் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவி முடித்ததும் சாமான் அறைக்குள் போய், மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கக் காத்திருப்பாள். ஒருத்தர் இன்னொருத்தரிடம் மாற்றுவார். அந்த இன்னொருத்தர் இது எங்கள் வேலை இல்லை என்பார். ஒவ்வொருவரிடமும் க்ளைவின் நோயை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி, அது வேறு யாரோ ஒரு ஆளின் நோய் மாதிரி ஆகிவிட்டது. ஒருவழியாக ஒரு நாள், வீட்டைப் பார்வையிட ஆள் வரும், செவ்வாய்க்கிழமை, என்றார்கள்.

நஸ்ரீன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து முன்கூட்டியே எச்சரித்தாள். "பெவ், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வீட்டுக்கு மார்க் போடுவாங்க. மார்க் கம்மியா இருந்தாதான் பாயிலர். நல்ல வீடுன்னு தெரிஞ்சா கெடையாது. இருக்கறது இருக்கற மாதிரியே விடுங்க. எதையும் தொடாதீங்க."

"சரி சரி" என்றாள் பெவ்.

ஆனால் ஆள் வருகிறது. யாரோ ஒரு வெளியாள் வந்து ஒவ்வொரு அறையாக நுழைந்து, அலமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் பார்க்கப் போகிறார். பெவ்வின் அம்மா, டாக்டர் வருகிறார் என்றால் நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்காரவைத்துவிட்டு விரிப்பை மாற்றுகிறவள். அந்த ரத்தம் எங்கே போகும். ஞாயிற்றுக்கிழமையே பெவ் ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டாள். மங்கலாக எரியும் பழைய பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டுப் புது எல்ஈடி பல்புகள் மாட்டினாள். "வர்றவங்க குருடாகிடக் கூடாதுல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

க்ளைவ் அதையெல்லாம் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை அவள் பள்ளியிலிருந்து வந்தபோது சோபா காலியாக இருந்தது. மாடியில் ஏணி நின்றது. பரண் வாசலிலிருந்து இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. காலில் க்ளைவின் சாம்பல்நிறக் காலுறை.

"க்ளைவ்!"

"கத்தாத. உயிரோடதான் இருக்கேன்." மேலிருந்து குரல் காற்றும் விசிலுமாக வந்தது. "கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு எறங்கறேன்."

அவனோடு லாரி ஓட்டிய பழைய சிநேகிதன் டெர்ரியின் தம்பி மகன் கட்டட வேலை செய்கிறவன். எங்கோ ஒரு வேலையில் மிஞ்சிய, கூரை வழியாகச் சூடு போகாமல் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சுச் சுருள்களை டெர்ரி வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். கீழேயிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். க்ளைவ் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, பரண் முழுக்க விரித்திருக்கிறான். மூலைமுடுக்கெல்லாம் கத்தரித்து ஒட்டி, கட்டிலில் மெத்தை போட்ட மாதிரி. ஓர் ஓரத்தில்கூட இடைவெளி இல்லை.

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? மாடிப்படி ஏற மாட்டாம கீழ படுத்துக் கெடக்கறவன் பரணுக்கு ஏறுவானா?"

"நாளைக்கு ஒருத்தன் வந்து பரண்ல டார்ச் அடிச்சுப் பார்ப்பான். உள்ள வெறும் எலிப் புழுக்கையும் உன் தங்கச்சி குடுத்த கிறிஸ்துமஸ் மரமும். ஓர்மரட் வீடு இப்படின்னு எழுதிட்டுப் போவான். தேவையா?" மூச்சு இழுத்து இழுத்துச் சொன்னான். முகம் பஞ்சுத் தூசியில் வெளுத்திருந்தது. அந்த முகத்தில் ரொம்ப நாளாக அவள் பார்க்காத ஒரு திருப்தி இருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் ஒரு வேல செஞ்சேன் பெவ். திட்டாத."

அவள் திட்டவில்லை. அன்றைக்கு வீடு கொஞ்சம் கதகதப்பாகத்தான் இருந்தது. அல்லது இருவருக்கும் அப்படித் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை வந்தது ஒரு பெண். ஸ்டெஃப் என்று பெயர் சொன்னாள். முப்பது வயது இருக்கும். வாசலிலேயே ஷூவுக்கு நீல உறை மாட்டிக்கொண்டாள். சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறாளோ, அவளும் களைத்துத்தான் போயிருந்தாள். சின்னக் கருவியால் சுவருக்குச் சுவர் சிவப்புப் புள்ளி அடித்து அளந்தாள். பாயிலரைப் பார்த்ததும், "அய்யோ, இது இன்னும் எரியுதா?" என்று படம் எடுத்தாள். பெவ்வுக்கு நம்பிக்கை வந்தது.

பரணுக்குள் தலையை விட்டவள் டார்ச்சை மூலை மூலையாக நகர்த்தினாள்.

"இது எப்ப போட்டது மிஸஸ் ஓர்மரட்?"

கீழேயிருந்து க்ளைவ் பதில் சொன்னான். "நேத்து. நானே போட்டேன். எல்லா மூலையும் பாரும்மா, ஒரு விரக்கடை விட்டிருக்க மாட்டேன்."

"ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க." அவள் குரல் இறங்கிவிட்டது. ஏணியிலிருந்து இறங்கி, கையிலிருந்த கணினிப் பலகையில் தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு பெவ்வைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"மார்க் தாண்டிடுச்சு. கொஞ்சம்தான். ஆனா தாண்டிடுச்சு. இந்த வீடு இப்ப மானியத்துக்கு ரொம்ப நல்ல வீடு."

பெவ்வுக்குப் புரியவில்லை. "அந்தப் பாயிலரப் பாத்தியேம்மா. வீடு எங்க நல்லாயிருக்கு? தொட்டுப் பாரு இந்தச் சுவர."

"எனக்குத் தெரியுது. இதுக்குத் தெரியாது." ஸ்டெஃப் பலகையைக் காட்டினாள்.

"பல்பு மாத்தினேன். பழச மறுபடி மாட்டிடட்டுமா?"

"பல்பால ஒண்ணும் ஆகாது. பரண்ல இருக்கறதுதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன வாரம் நான் வந்திருந்தா உங்களுக்குக் கெடச்சிருக்கும். அத நெனச்சாதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். கோட்டு மாட்டும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் இன்னும் அனுப்பல. வியாழக்கிழம இதே தெருவுல எதிர்வீட்டுக்கு வர்றேன். வேணும்னா இங்கயும் ஒரு தடவ எட்டிப் பாக்கறேன். அன்னிக்கு என்ன இருக்கோ அதத்தான் எழுதுவேன். இருக்கறத இல்லன்னு எழுத மாட்டேன். புரியுதுல்ல?"

புரிந்தது. கதவைச் சாத்திவிட்டு பெவ் முன்னறைக்கு வந்தாள். க்ளைவ் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அந்த வீட்டில் சமையலறையில் முணுமுணுத்தால் முன்னறையில் கேட்கும்.

"அவளுக்கு வேல தெரியும்" என்றான். "நல்லா போட்டிருக்கேன்னு சொன்னால்ல?"

"சொன்னா."

"பிரிக்கச் சொல்லிட்டுப் போறா."

"அவ அப்படிச் சொல்லல."

"வீட்ட சூடாக்கறதுக்கு வீட்டக் குளிரா ஆக்கணும். இத யோசிச்சவன் எந்த ஸ்கூல்ல படிச்சான்? உன் ஸ்கூலா?"

பெவ் அவன் காலடியில் உட்கார்ந்தாள். அது ஒரு விதத்தில் ஏமாற்றுவதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. கடையில் சில்லறை கூடக் கொடுத்துவிட்டால் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்க் கொடுப்பவள் அவள். ஆனால் அந்தப் பேனா மூடிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நான் ஏறிப் போட்டது பெவ்."

"தெரியும்."

"செத்துட்டேன் ஏறறதுக்குள்ள."

"தெரியும் க்ளைவ். அதான் எறக்கறேன்."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே, "கையுறை போட்டுக்கோ. பஞ்சு குத்தும்" என்றான்.

புதன்கிழமை மதியம் நஸ்ரீன் வந்து ஏணியைப் பிடித்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டாள். "எதையும் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா வீட்ட ஜோடிச்சாங்களே, அந்த மாதிரி பண்ணி வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்."

"மாப்ள வீட்டுக்காரங்க புடிக்கலன்னு போயிட்டாங்க" என்றாள் பெவ் பரணுக்குள்ளிருந்து.

"பொண்ணு ரொம்ப அழகா இருக்குன்னு போயிட்டாங்க. அதுதான் கொடும."

க்ளைவ் அவ்வளவு நறுவிசாக ஒட்டியிருந்ததைப் பிய்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு சுருளும் பெவ்வின் கையைவிட்டு இறங்கும்போது தூசி மாடிப்படி வழியாகக் கீழே இறங்கியது. முன்னறைக் கதவை இழுத்துச் சாத்தியும் இருமல் கேட்டது. சுருள்களையெல்லாம் கறுப்புப் பைகளில் திணித்து நஸ்ரீன் வீட்டுக் கொட்டகையில் போட்டார்கள்.

வியாழக்கிழமை ஸ்டெஃப் வந்தாள். பரணில் டார்ச் அடித்தாள். வெறும் பலகையும் கிறிஸ்துமஸ் மரமும் இருந்தன. "கெடச்சிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போகும்போது, "வேல முடியறவரைக்கும் மேல எதுவும் போட்டுடாதீங்க. நடுவுல வேற ஆள் வந்து சரிபாப்பாங்க" என்றாள்.

வேலை எப்போது முடியும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. பெவ் மறுபடி மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். மறுபடி அதே பாட்டு. அடுத்த வாரம் என்றார்கள், அடுத்த வாரம் வந்ததும் அதற்கடுத்த வாரம் என்றார்கள். பஞ்சைப் பிரித்த வீடு, குளிரும் முற்றியதில், முன்பைவிட மோசமாகக் குளிர்ந்தது. காலையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்திருந்தது.

"பகல்ல எங்க வீட்ல வந்து உக்காரட்டும் பெவ். அத்தைக்கும் பேச்சுத்துணை ஆச்சு" என்றாள் நஸ்ரீன்.

க்ளைவ் மாட்டேன் என்றான். "அடுத்தவன் வீட்டு சோபால போய் உக்காந்து குளிர் காயவா? எனக்குன்னு ஒரு வீடு இல்லையா?"

"இருக்கு. ஐஸ் பெட்டி."

"என் ஐஸ் பெட்டி."

"அந்தப் பெருமைதான நம்மள இங்க கொண்டுவந்து விட்டிருக்கு. உன் பெருமையும் என் பெருமையும்." அவள் கத்தினாள். அவன் பதிலுக்குக் கத்தவில்லை. கத்துவதற்கு அவனிடம் காற்று இல்லை. அதைப் பார்த்ததும் பெவ்வுக்கும் கோபம் போய்விட்டது. கோபம் போனால் பயம் மட்டும் மிச்சமிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அவள் பள்ளியில் இருக்கும்போது நஸ்ரீன் போன் பண்ணினாள். சுவர் வழியாக இருமல் கேட்டுக்கொண்டே இருந்ததாம், திடீரென்று நின்றுவிட்டதாம். அது நின்றதுதான் அவளுக்குப் பயமாக இருந்ததாம். உதவிக்கென்று தன்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே போய், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். உதடெல்லாம் நீலம். பெவ் ஏப்ரனோடு பஸ் ஏறினாள்.

பாயிலர்காரர்கள் அதற்கு மறுவாரம் வந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை. பெவ் அவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கும் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் அலைந்துகொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது பழைய பாயிலரைச் சுவரிலிருந்து பெயர்த்து வெளியே வைத்திருந்தார்கள். மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. சமையலறைச் சுவரில் புதிது ஒன்று வெள்ளையாக, அலமாரி மாதிரி. கணப்பு இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தார்கள்.

"எவ்ளோ வேணும்னு இதத் திருப்பினா போதும்மா" என்று சுவரிலிருந்த வட்டத்தைக் காட்டிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

அவர்கள் போனதும் பெவ் அதை முழுக்கக் குறைத்துவிட்டாள். ஒருத்திக்காக ஒரு வீட்டைச் சூடு பண்ணுவார்களா. கோட்டைப் போட்டுக்கொண்டே டோஸ்ட் தின்றாள். எத்தனையோ நாளாக இதற்காக எத்தனை பேரிடம் பேசியிருக்கிறாள், யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடி வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

மேலும் சில நாட்கள் அப்படியே போயின. பிறகு ஒரு காலையில் வார்டிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். "நாளைக்கு அனுப்பலாம்னு டாக்டர் சொல்றாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வீட்ல சூடு இருக்கா?"

இதே கேள்வியைப் போன வருஷமும் கேட்டிருந்தார்கள். அப்போது பெவ் இருக்கிறது என்று பொய் சொன்னாள்.

"இருக்கு" என்றாள். சுவரிலிருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டாள். "நல்லா இருக்கு."

க்ளைவ் போனை வாங்கினான். "சீக்கிரம் கூட்டிட்டுப் போ. பக்கத்துப் படுக்கைல இருக்கறவன் குறட்டைல என் லாரி தோத்துரும்."

"பாயிலர் வந்துடுச்சு."

"நெசமாவா?" மூச்சை இழுத்துக்கொண்டான். "ரொம்பத் திருப்பி வெக்காத. பில் எகிறும்."

"வாய மூடிட்டு வந்து சேரு."

போனை வைத்ததும் வட்டத்தை வலப்பக்கம் திருப்பினாள். க்ளிக் இல்லை, சுடர் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. கெட்டுவிட்டது என்றே நினைத்தாள். கொஞ்சம் பொறுத்து, நம்பாமல் ரேடியேட்டரைத் தொட்டவள் சூடு தாங்காமல் கையை உதறிக்கொண்டாள்.

மறுநாள் ஆம்புலன்ஸ்காரர்கள் க்ளைவை நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து சோபாவில் உட்காரவைத்தார்கள். பாதி ஆளாகத்தான் வந்திருந்தான். பலகை அடித்த இடத்தையும் ரேடியேட்டரையும் மாறி மாறிப் பார்த்தான். கோட்டும் தொப்பியும் அப்படியே இருந்தன.

"கோட்டக் கழட்டு க்ளைவ்."

"இரு. இன்னும் நம்பிக்க வரல."

"வேர்க்குது உனக்கு."

"வேர்க்கட்டும். வேர்த்து எவ்ளோ நாளாச்சு." சொல்லிவிட்டு ஒரு கையை மட்டும் உருவினான். அதற்குள் களைத்துவிட்டான். மூச்சு ஒரு நிலைக்கு வரட்டும் என்று பெவ் காத்திருந்தாள். அது நிலைக்கு வந்தபோது அவன் தூங்கிவிட்டிருந்தான், ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக.

மற்றக் கையையும் உருவிவிடலாம். ஆனால் எழுப்பியது போலாகும். அவள் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நஸ்ரீனுக்குச் சொல்ல வேண்டும், சூப் சூடு பண்ண வேண்டும், திங்கட்கிழமைக்கு லீவு கேட்க வேண்டும். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, இதோ எழுந்துவிடுகிறேன் என்று நினைத்தபடி அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.